மானிய விலை போனில் தொடக்கத்திலேயே தீநிரல் இருக்க முடியுமா?

அரசு மானியத்தில் வரும் மலிவு போனில் பெட்டியைப் பிரிக்கும்போதே தீநிரல் (மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள்) இருக்குமா, இருந்தால் நீக்கிவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்க முடியும், அமெரிக்காவில் இருந்திருக்கிறது.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான 'லைஃப்லைன்' அரசுத் திட்டத்தின்கீழ் அஷ்யூரன்ஸ் வயர்லெஸ் என்ற செல்பேசிச் சேவை நிறுவனம் 35 டாலருக்கு விற்ற யூஎம்எக்ஸ் போன் ஒன்றில் இரண்டு செயலிகள் தீங்கானவை என்று மால்வேர்பைட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2020 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் 'வயர்லெஸ் அப்டேட்' என்பது, உரிமையாளரின் அனுமதியைக் கேளாமலேயே வேறு செயலிகளை நிறுவிக்கொண்டிருந்தது. 2016-ல் ப்ளூ (BLU) நிறுவனத்தின் சில போன்களிலிருந்து குறுஞ்செய்திகளைச் சீனச் சேவையகங்களுக்கு அனுப்பிச் சிக்கிய அடப்ஸ் (Adups) மென்பொருளின் இன்னொரு வடிவம் அது. மற்றொன்று இன்னும் மோசம்: போனின் 'செட்டிங்ஸ்' செயலிக்குள்ளேயே, தன்னை மறைத்துக்கொண்டு விளம்பரங்களைக் காட்டும் நிரலை இறக்கிவைக்கும் ட்ரோஜன் (நல்ல செயலிபோல் வேடமிட்ட தீநிரல்) இருந்தது. (இவை தீநிரல்கள் என்று தாங்கள் கருதவில்லை என்றது அஷ்யூரன்ஸின் அப்போதைய தாய் நிறுவனமான ஸ்பிரின்ட்.)

போனைப் புதிதுபோல் ஆக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' இங்கே உதவாது. அது பயனரின் தரவுப் பகுதியை மட்டுமே துடைக்கிறது. இச்செயலிகளோ, சாதாரணப் பயனர் எழுதவோ அழிக்கவோ முடியாத சிஸ்டம் பகுதியில் (இயங்குதளம் இருக்கும் இடத்தில்) தங்கியிருப்பதால், ரீசெட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். கணினியோடு இணைத்து ஏடிபி (ADB) என்ற ஆண்ட்ராய்டு கருவியின் கட்டளையால் 'வயர்லெஸ் அப்டேட்'டை முடக்கலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் அதன் வழியாகவே வருவதால் அவையும் நின்றுபோகக்கூடும். 'செட்டிங்ஸை' நீக்கினால் போனே பயனற்றதாகிவிடும்.

முழுத் தீர்வு உற்பத்தியாளர் அனுப்பும் சுத்தமான ஃபர்ம்வேர்தான் (போனுக்குள் பதிந்துவரும் அடிப்படை மென்பொருள்). அது வரும்வரை அத்தகைய போனில் வங்கிக் கணக்கையோ முதன்மை மின்னஞ்சலையோ திறக்காதீர்கள்.