நறுமண எண்ணெயை மைக்ரோ கேப்சூலில் அடைத்தால் கொசு விரட்டி நாள் முழுக்க வேலை செய்யுமா?

சிட்ரோனெல்லா எண்ணெய் தடவினால் ஒரு மணி நேரத்தில் கொசு மறுபடி கடிக்கிறது, அதையே நுண்ணிய உறைக்குள் அடைத்தால் நாள் முழுக்கத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோலில் தடவுவதென்றால், நாள் முழுக்கத் தாங்காது. ஆனால் நேரத்தை நன்றாகவே நீட்டிக்கலாம். ஆய்வகத்தில் இந்த உறைகளோடு பழகியவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அந்த எண்ணெயில் உள்ள சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் ஆவியாகி காற்றில் கலந்தால்தான் கொசு விலகும். சீக்கிரம் ஆவியாகிவிடுவதால்தான் பலன் சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. ஆகவே உறையைக் கெட்டியாக்கி எண்ணெயைப் பூட்டி வைத்தால் கொசுவுக்கு ஒன்றும் தெரியாது. உறை கசிய வேண்டும், அதுவும் அளவாக. ஒரே அளவு எண்ணெயை எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் ஒவ்வொரு நிமிடமும் வெளிவருவது குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனால் கொசு பொருட்படுத்தாது. சரி, எண்ணெயைக் கூட்டலாமே என்றால் தோல் எரியும். இந்த இழுபறிதான் இந்த வேலையின் மையம். பலரும் உறையின் பலத்தைப் பற்றியே பேசுகிறார்கள், கசியும் வேகத்தை மறந்துவிடுகிறார்கள்.

உறை செய்யும் முறைகளில் எனக்குப் பிடித்தது ஜெலட்டினும் கம் அராபிக் என்ற மரப்பிசினும் சேர்ந்த கோயசர்வேஷன், அதாவது கரைசலிலிருந்து இரண்டையும் ஒன்றாகப் பிரியவைத்து உறையாக்கும் முறை. கார்பன் இல்லாத நகல் தாளுக்காக 1950களில் என்.சி.ஆர். நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது. சுமார் 45 டிகிரி சூட்டில் எண்ணெயைச் சிறு துளிகளாகக் கலக்கி, அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். அளவை 4 பக்கம் இறக்குவோம். அப்போது ஜெலட்டினுக்கு நேர் மின்னூட்டம், கம் அராபிக்குக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து நீரிலிருந்து பிரியும். நுண்நோக்கியில் பார்த்தால் சின்னச் சின்னத் திரவ மணிகள் மிதந்து வந்து எண்ணெய்த் துளியில் ஒட்டி, பரவி, ஒரு வளையமாகச் சூழ்ந்துகொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. பிறகு மெதுவாகக் குளிரவைத்தால் உறை இறுகும். அவசரமாகக் குளிரவைத்தால் எல்லாம் கட்டி தட்டிப் போகும்.

அந்த உறையை நிலைப்படுத்த குறுக்கிணைப்பு, அதாவது உறையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைப்பது, தேவை. பாடப்புத்தகங்கள் அதற்குக் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளைச் சொல்லும். தோலில் தடவும் பொருளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டானிக் அமிலம் அல்லது டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி போதும். குறுக்கிணைப்பைக் கூட்டக் கூட்டக் கசிவு குறையும் என்பதால், வேகத்தைத் திருத்தும் இடமும் இதுதான்.

கலவையைச் சூடான காற்றில் தூவி உலர்த்தும் ஸ்ப்ரே டிரையிங் முறை மலிவு. ஆனால் அந்தச் சூட்டில் எளிதில் ஆவியாகும் பாகம் கொஞ்சம் பறந்துவிடும், கம் அராபிக் உறை வியர்வை பட்டதும் கரைந்துவிடும். மெலமைன் ஃபார்மால்டிஹைடு உறை துணியில் நன்றாக நிற்கும், ஆனால் அது பிளாஸ்டிக். வேண்டுமென்றே சேர்க்கப்படும் மைக்ரோபிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. இயற்கை விரட்டி என்று பெயர் வைத்துவிட்டு பிளாஸ்டிக் உறை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்களே முயல்வதானால், எண்ணெயில் ஒரு பங்கை உறையில்லாமல் கலந்து விடுங்கள். முதல் நேரத்தை அது பார்த்துக்கொள்ளும், பின்னாலே உறைகள் கைகொடுக்கும். அப்புறம், வாசனை இருக்கிறதே என்று பலனை எடைபோடாதீர்கள். கொசு கடிக்கத் தொடங்கிய பிறகும் நம் மூக்குக்கு மணம் தெரியும். விரட்டி தடவிய கையைக் கொசுக்கள் உள்ள கூண்டுக்குள் நீட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றுதான் நம்பத்தக்கது.

டெங்கு, மலேரியா உள்ள இடமென்றால் சொந்தத் தயாரிப்பை நம்பி இருக்க வேண்டாம். டீட், பிகாரிடின் போன்ற சோதிக்கப்பட்ட விரட்டி மருந்துகள் இருக்கின்றன. தாவரவழிதான் வேண்டுமென்றால் எலுமிச்சை யூகலிப்டஸிலிருந்து வரும் பி.எம்.டி. என்ற விரட்டிப் பொருள் நல்ல தேர்வு, மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் அதைத் தடவாதீர்கள்.