துப்பாக்கி பிடிக்கப் பழகுவது: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இருபது வருடங்களுக்கு மேலாக ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி, சுடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அனுமதி உள்ள இடங்களில் உரிமத்தோடு வேட்டைக்கும் போயிருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று நிறையப் பேர் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், இங்கேயே கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, நீங்கள் எப்படி ஆரம்பித்தீர்கள்?

பதில்: பதினான்கு வயதில், என் மாமாவிடம். முதல் ஒரு மாதம் அவர் துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. ரைபிள் நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக் கொடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கச் சொன்னார். குச்சியின் முனை அவர் மீதோ நாய் மீதோ ஒரு தடவை திரும்பினாலும் அன்றைய நடை அத்தோடு முடிந்தது, வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். வேலி தாண்டும்போது, செருப்பு வார் அறுந்து குனியும்போது, யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போது, அப்போதுதான் முனை எங்கேயோ போகும். முதல் வாரத்தில் நான்கு நாள் பாதியிலேயே திரும்பினோம். அழுகையே வந்தது. ஆனால் இன்று வரை என் கையில் இருக்கும் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது யோசிக்காமலே எனக்குத் தெரிகிறது, அது அந்தக் குச்சி கொடுத்தது. அப்புறம் ஏர் ரைபிள் கைக்கு வந்தது. முதல் குண்டு குறி அட்டையிலேயே படவில்லை. ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்துக் கண்ணையும் மூடிவிட்டேன்.

கேள்வி: முதலில் எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். பக்கத்தில் உள்ள கிளப்பில் சேர்ந்து மூன்று மாதம் அவர்களுடைய துப்பாக்கியில் சுடுங்கள். உங்கள் கை நீளத்துக்கு எவ்வளவு நீளமான கட்டை (தோளில் பதிக்கும் பின்பகுதி), எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடும் ஏர் ரைபிளில் தொடங்குங்கள். உதைப்பு குறைவு, சத்தம் குறைவு, அதனால் பயம் குறுக்கே வராது. பெல்லட் குழலை விட்டு வெளியேறக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் நீங்கள் அசைந்தால் அட்டையில் தெரிந்துவிடும். 10 மீட்டர் தூரத்தில் சுடும் அட்டையில் மதிப்பெண் வளையங்களின் முழு அகலம் 45.5 மில்லிமீட்டர்தான், நடுவில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடையாது.

கேள்வி: எனக்கு வலது கைப் பழக்கம், ஆனால் இடது கண்தான் முந்துகிறது என்று கோச் சொல்கிறார். நான் இதற்குச் சரிப்பட மாட்டேனா?

பதில்: தாராளமாகச் சரிப்படுவீர்கள். முதலில் நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் அப்படியே நிற்கிறதோ அதுதான் உங்கள் முந்து கண், குறி பார்க்க மூளை முதலில் நம்புவது. புதியவர் என்றால் இடது தோளுக்கே மாறிவிடுங்கள், கை பழகிவிடும். வலது தோளிலேயே இருக்க ஆசை என்றால், ரைபிளில் இடது கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு வைத்துக்கொள்ளலாம். கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகம் முழுக்க இறுகும். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கி) என்றால் இரு கண்ணும் திறந்திருக்க வேண்டும், அங்கே மாறுவதுதான் நல்லது.

கை பழகுமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஹங்கேரியின் காரோய் தாகாச் பற்றிச் சொல்வேன். 1938-இல் ராணுவப் பயிற்சியில் கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. சுடும் கையே அதுதான். இடது கையால் முதலிலிருந்து பழகி 1948 ஒலிம்பிக்கிலும் 1952 ஒலிம்பிக்கிலும் பிஸ்டலில் தங்கம் வாங்கினார்.

கேள்வி: எனக்கு வயது 41. இனிமேல் தொடங்கலாமா?

பதில்: தொடங்குங்கள். சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் தன் முதல் ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்கு 60 வயது. 1920-இல் 72 வயதில் வெள்ளி வாங்கினார், ஓடும் மான் வடிவ அட்டையைச் சுடும் போட்டியில்.

கேள்வி: குறைந்த விலையில் முதல் துப்பாக்கி எது நல்லது?

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: நான் தாத்தாவோடு காட்டில் பழகியவன். அட்டையைச் சுட்டுப் பழகுகிறவர்கள் காட்டுக்கு வந்தால் திணறுகிறார்கள். நேராக வேட்டையில் இறங்குவதுதான் சரியான தொடக்கம்.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தடம் பழையதா புதியதா, அசையாமல் மூன்று மணி நேரம் எப்படி உட்காருவது, இதையெல்லாம் எந்தச் சுடும் பயிற்சித் தளமும் சொல்லித் தராது. ஆனால் நீங்கள் சுடக் கற்றுக்கொள்வதற்கான விலையை அந்த விலங்கு ஏன் கொடுக்க வேண்டும்? மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். மேடேறி மூச்சு வாங்கும்போது, நீங்கள் சுட நினைக்கும் தூரத்தில், அந்தத் தட்டில் ஐந்துக்கு ஐந்து வைக்க முடிகிறதா? நான்குதான் என்றால் உங்கள் தூரம் அது இல்லை, கிட்டே போக வேண்டும். இதை அட்டையில் கண்டுபிடிப்பதுதான் நியாயம்.

கேள்வி: (அவரே) அட்டை நிற்கும், மான் நிற்காது. நீங்கள் யோசிப்பதற்குள் போய்விடும்.

பதில்: போகட்டும். முதல் மூன்று வேட்டைப் பருவமும் நான் ஒரு தோட்டாகூடச் சுடாமல் திரும்பினேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. நான்காவது பருவத்தில் அவசரப்பட்டேன். குண்டு மானின் வயிற்றில் பட்டது. சுட்ட இடத்தில் இளஞ்சிவப்பாக நுரையோடு ரத்தம் என்றால் நுரையீரல், அதிக தூரம் போகாது. கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கல்லீரல். பச்சையாக, நாற்றத்தோடு என்றால் வயிறு, உடனே பின்தொடர்ந்தால் அது எழுந்து இன்னும் ஓடும், மணிக்கணக்கில் காத்திருந்துதான் தேட வேண்டும். நான் காத்திருந்தேன். அந்த மணி நேரங்களில் அது எங்கேயோ படுத்து வலியில் இருக்கிறது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்டுபிடித்து முடித்தேன். காட்டிலேயே பழகலாம் என்று யார் சொன்னாலும் அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது. தாத்தா உங்களுக்கு எப்போது சுட விட்டார், எத்தனை வருடம் பார்க்க மட்டும் விட்டார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: (அவரே) இரண்டு வருடம் பார்க்க மட்டும்தான் விட்டார். அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

பதில்: அப்படியானால் அவர் நல்ல ஆசிரியர். நாம் இருவரும் சொல்வது ஒன்றுதான்.

கேள்வி: உயிரைக் கொல்வதே தவறு. இதில் தொடக்கம் என்ன, முடிவு என்ன?

பதில்: உங்கள் மனம் அப்படிச் சொன்னால் வேட்டைக்குப் போகாதீர்கள், உங்களை மாற்ற நான் முயல மாட்டேன். அட்டை சுடுவதற்கு எந்த உயிரும் தேவையில்லை, என் மாணவர்களில் பெரும்பாலோர் வேட்டை பக்கமே போனதில்லை. மற்றவர்கள் இதைத் தொடர வேண்டாம், கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: பெரிய ரைபிளில் சுடும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: சத்தத்துக்கும் உதைப்புக்கும் உடம்பு முன்கூட்டியே பயப்படுகிறது. நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கலந்து போடச் சொல்லுங்கள். அது வரும்போது குழல் எப்படிக் குதிக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். அப்புறம் சின்னத் தோட்டா போடும் துப்பாக்கிக்கு இறங்கிப் பல நாள் சுடுங்கள். காதில் அடைப்பானும் அதன் மேல் மூடியும் சேர்த்துப் போடுங்கள். பெரும்பாலான துப்பாக்கிகளின் சத்தம் 140 டெசிபலுக்கு மேல், போன கேள்திறன் திரும்பி வராது.

கேள்வி: வீட்டில் குண்டு போடாமல் ட்ரிக்கர் பழகலாமா?

பதில்: பழகலாம், அதுதான் பாதிப் பயிற்சி. ஆனால் ஸ்பிரிங் ஏர் ரைபிளை பெல்லட் இல்லாமல் அடிக்காதீர்கள், காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் மோதிக் கெட்டுவிடும். போட்டி ரைபிள்களில் இதற்கென்றே வசதி உண்டு. தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

கேள்வி: துப்பாக்கி காலியாக இருக்கும்போதும் முனையைப் பார்க்க வேண்டுமா? ரொம்பக் கெடுபிடியாக இருக்கிறதே.

பதில்: வேண்டும். "காலி என்று நினைத்தேன்" என்பதுதான் விபத்துக்குப் பிறகு எல்லோரும் சொல்லும் வார்த்தை. எப்போதும் குண்டு இருப்பதாகவே நினையுங்கள், சுட முடிவு செய்யும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடவே கூடாது. சாதாரண .22 (சின்ன அளவு) தோட்டாகூட ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. ஏர் ரைபிள் கண்ணைப் பறிக்கும்.

கேள்வி: சார், ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்ல துப்பாக்கி ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: இந்தக் கேள்வி மூன்றாவது தடவை. தயவுசெய்து மேலே படியுங்கள். இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: உரிமம் எடுப்பது எப்படி?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலேயே கேளுங்கள், என்னையோ வேறு யாரையோ நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, ஆசைப்படுகிறான். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் குச்சி, நான் சொன்ன மாதிரி. போட்டி ரைபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம், அதை நின்றுகொண்டு தூக்கினால் அவன் முதுகு வளையும். அதனால் மேசை மேல் தாங்கல் வைத்து உட்கார்ந்தே சுடட்டும். இருபது நிமிடம் போதும், களைத்த பிறகு சுடும் ஒவ்வொரு குண்டும் கெட்ட பழக்கம்தான். பெல்லட் ஈயம், வாயில் வைத்துக்கொள்ள விடாதீர்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியை அவன் முகத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்களுடையது பக்கவாட்டில் இடைவெளி விடும்.