நிறுவனமயமான இனவாதம் என்றால் என்ன? அதிகாரிகள் நல்லவர்களாக இருந்தாலும் அது நடக்குமா?

நடக்கும். ஓர் அலுவலகத்தின் விதிகள், படிவங்கள், ஆட்சேர்ப்பு, பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்து ஓர் இனத்தவரையே திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளினால், அதுதான் நிறுவனமயமான இனவாதம். அதற்கு யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் பிழையாக வெட்டியிருந்தால், கதவு திறப்பவர் தங்கமான மனிதராக இருந்தாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது.

வவுனியாவில் ஒருவர் பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போகிறார். அவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதுகிறார்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார். எழுதியவர் மரியாதையாகத்தான் கதைத்திருப்பார். இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சரி, சட்டம் மாறிவிட்டது. ஆனால் தமிழ் எழுதத் தெரிந்தவரை அந்தக் கதிரையில் இருத்தாதவரை மேசையில் நடப்பது பழைய கதைதான்.

பிரித்தானியாவில், 1993இல் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லோரன்ஸின் வழக்கைப் பொலிசார் சொதப்பியதை ஆராய்ந்த மக்பேர்சன் அறிக்கையும் 1999இல் இதைத்தான் சொன்னது.

தமிழர்களான நாங்களும் சுத்தமில்லை. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த பல குடும்பங்கள், காணிப் பத்திரம் இல்லாததால் கடன், வீட்டுத்திட்டம் என்று வரிசைகளில் பின்னுக்கு நின்றன. அங்கே கோப்புப் பார்த்தவர்களில் பலர் தமிழர்கள்.

‘அப்போ சிங்களவர் எல்லாரும் இனவாதிகளா?’ என்று கேட்பார்கள். இல்லை, பக்கத்து வீட்டாரோடு நன்றாகப் பழகும் ஊரிலேயே படிவம் ஒரே மொழியில் இருக்கலாம்.