போரில் ஜெயித்த பிரிட்டன் வல்லரசு இடத்தை இழந்தது எப்படி?

இரண்டாம் உலகப்போரில் ஜெயித்த நாடு எப்படிச் சரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெயிக்கக் கொடுத்த விலைதான் முதல் காரணம். 1945-ல் கஜானா காலி. அப்போது அமெரிக்காவிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய 375 கோடி டாலர் கடனின் கடைசித் தவணையை 2006-ல்தான் கட்டி முடித்தார்கள்!

1947-ல் இந்தியா கைவிட்டுப் போனது. ஆனாலும் வல்லரசு என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. அதை உடைத்தது சூயஸ்.

1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர், பிரிட்டனும் பிரான்ஸும் கையில் வைத்திருந்த சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு படையெடுத்தன. களத்தில் பெரிய தோல்வி எதுவும் இல்லை. அடி விழுந்தது பவுண்டுக்கு. பவுண்டின் மதிப்பைக் காக்க வைத்திருந்த டாலர் கையிருப்பு கரைந்துகொண்டே போக, பன்னாட்டு நிதியத்தின் (IMF) உதவி வேண்டுமென்றால் முதலில் சண்டையை நிறுத்துங்கள் என்று அமெரிக்க அதிபர் ஐசனோவரின் அரசு கையை விரித்துவிட்டது. கூட்டாளியே கழுத்தைப் பிடித்தால் என்ன செய்வது? நவம்பர் 6-ல் போர்நிறுத்தம், டிசம்பர் கடைசிக்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வாபஸ், 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் ராஜினாமா.

அப்புறம் நடந்ததெல்லாம் கடையைக் கட்டும் வேலைதான். 1967-ல் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். அடுத்த ஜனவரியில், சூயஸுக்குக் கிழக்கே இருந்த முக்கியத் தளங்களிலிருந்து விலகப்போவதாக அறிவித்தார்கள்.