வளரும் நாடுகளின் கிராமத்துப் பெரியவர்கள் தொலைக்காட்சி பார்த்து உண்மையில் ஏதாவது கற்றார்களா?

கற்றார்கள். என் அப்பப்பா கற்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

இப்போது நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில். மண் என்று எனக்கு மிஞ்சியிருப்பது இரண்டு பூச்சாடிகள். அப்பப்பா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் கமம் செய்தவர். வாழையும் வெங்காயமுமாக 12 பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர். எண்பதுகளின் பிற்பாதியில் உயரமாகக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் அன்டெனாவைக் கட்டி, இந்தியத் தூரதர்ஷனைப் பிடிப்பது எங்கள் ஊரில் வழக்கம். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் எங்கள் விறாந்தையில் கால் வைக்க இடமிருக்காது. 'வயலும் வாழ்வும்' தொடங்கினால் அப்பப்பாவும் அவருடைய வயதுக்காரர் இருவரும் மிஞ்சுவார்கள். நானும் இருப்பேன், கணக்குப் பார்ப்பதற்காக.

அதில் பேசுகிறவர் ஏக்கருக்கு 50 கிலோ யூரியா என்பார். எங்கள் ஆட்களுக்கு நிலம் என்றால் பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். கொப்பியில் வகுத்துப் பார்த்து, "பரப்புக்கு மூன்று கிலோவும் கொஞ்சமும்" என்பேன். அத்தோடு முடியாது. "அவர்களுடையது ஆற்றுப் பாசனம், களிமண். நம்முடையது செம்மண், கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். போடுகிற உரம் நேரே கிணற்றுக்குத்தான் போகும்" என்பார் அப்பப்பா. மற்றவர் மறுப்பார். குறுவை, சம்பா என்று திரையில் சொன்னால், அது நம்முடைய எந்தப் போகத்தோடு பொருந்தும் என்று இன்னொரு வழக்கு. நிகழ்ச்சி முடிந்து இந்திச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். இவர்கள் நிறுத்த மாட்டார்கள். கடைசியில் ஒரு பாத்தியில் மட்டும் பாதி அளவில் போட்டுப் பார்ப்பது என்று முடிவாகும். விவசாயப் போதனாசிரியர் சைக்கிளில் வந்தால், அவரிடமும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான்.

படிப்பு என்று ஏதாவது நடந்திருந்தால் அந்த வாக்குவாதத்தில்தான் நடந்தது என்பது என் எண்ணம். 1990இல் மின்சாரம் நின்றது. பெட்டிக்கு மேல் துணி போட்டு மூடினோம்.

பெரிய அளவில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இந்தியர்கள். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, நாசாவிடம் இரவலாகப் பெற்ற ஏடிஎஸ்-6 செய்மதி வழியாக, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குப் பாடம் இறங்கியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு. கொழும்புக்காரர்கள் மறந்துவிட்ட சங்கதி ஒன்று இதில் உண்டு. செய்மதி வழி ஒளிபரப்பைப் பற்றி 1945இலேயே எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அப்போது கொழும்பில் குடியிருந்தார். இஸ்ரோ பொறியியலாளர்கள் வந்து அவர் வீட்டில் ஒரு தட்டு அன்டெனாவைப் பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1979இல்தான். ஆக, ஒடிசாவின் உழவருக்கு அனுப்பிய பாடம் எங்கள் ஊர்க் கமக்காரரை எட்டுவதற்குப் பல ஆண்டு முன்பே கொழும்பு வீடொன்றில் ஓடியிருக்கிறது!

விளைவு கலவைதான். சுகாதார விடயங்களில் பெண்களும் எழுத்தறியாதவர்களும் நன்றாகவே பயனடைந்தார்கள். கொதித்தாறிய தண்ணீர் எந்த ஊரிலும் கொதித்தாறிய தண்ணீர்தானே. விவசாயத்தில் அந்த அளவுக்கு மாற்றம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் ஒரே படம் போனது. ஒலி மட்டும் தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. மொழியை மாற்றிவிடலாம், மண்ணை எப்படி மாற்றுவது?

அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. அதைத்தான் நான் மெச்சுவேன். பீஜ் என்ற ஊரில் சிறிய ஒளிபரப்புக் கோபுரம். அந்த வட்டாரத்துக்கு மட்டுமான நிகழ்ச்சிகள். சரோத்தரி வட்டார வழக்கிலேயே நாடகத் தொடர்கள். கூலிச் சண்டை, சாதிக் கொடுமை, குடி எல்லாம் வந்தன. சொந்த ஊர்ப் பேச்சில் சொந்த ஊர் வழக்கு திரையில் ஓடினால் எழுந்து போக யாருக்கு மனம் வரும்? பத்தாண்டு ஓடி 1985இல் மூடிவிட்டார்கள்.

அதற்கும் முன்னோடி வானொலி. 1956இல் புனே நிலையம் 150 கிராமங்களில் கேட்போர் குழுக்களை அமைத்தது. கேட்டு முடித்ததும் கூடிப் பேச வேண்டும். எழுகிற சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினால் வானொலியிலேயே பதில் வரும். எங்கள் விறாந்தையில் அந்த வசதி இல்லை. அப்பப்பா பெட்டியைப் பார்த்து உரக்க மறுத்துச் சொன்னதெல்லாம் பனைகளோடு போய்விட்டது.

இப்போது யூடியூப். நீர்வேலியில் இன்னும் தோட்டம் செய்கிற என் சித்தப்பாவின் மகன், தமிழ்நாட்டு விவசாயக் காணொளிகளை இரவில் பார்த்துவிட்டு எனக்கும் அனுப்பிவைப்பான். போன மாதம் வந்தது வாழைக்குச் சொட்டுநீர் வழியாக உரம் விடுவது பற்றி. கீழே ஒரு வரி: "அண்ணா, இது ஏக்கர்க் கணக்கு. பரப்புக்கு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்."

பதினாறால் வகுத்து அனுப்பினேன். பாதியளவு போட்டுப் பார் என்றும் எழுதினேன்.