லூக்ட்ராவில் ஸ்பார்ட்டா தோற்றது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: கி.மு. 371இல் கிரேக்க நகர அரசுகள் ஸ்பார்ட்டாவில் கூடி அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டில் ஸ்பார்ட்டாவும் தீப்ஸும் மோதியது ஏன்?

பதில்: தீப்ஸ் தூதர்கள் தங்கள் நகரத்தின் பெயரில் சத்தியம் செய்துவிட்டு, மறுநாள் அதை ‘பொயோஷியர்கள்’ (தீப்ஸ் இருந்த பொயோஷியா பகுதியின் மக்கள்) என்று மாற்றித் தரச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டால், சுற்றியுள்ள பொயோஷிய நகரங்கள் எல்லாம் தீப்ஸுக்குக் கட்டுப்பட்டவை என்றாகிவிடும். ஸ்பார்ட்டாவின் மன்னர் அகெசிலாஸ் மறுத்து, ஒப்பந்தத்திலிருந்தே தீப்ஸை நீக்கினார். ஸ்பார்ட்டாவுக்கு எப்போதும் இரண்டு மன்னர்கள். மற்றவரான கிளியோம்ப்ரோட்டஸ் அப்போது படையோடு பக்கத்துப் போகிஸில் இருந்தார். தீப்ஸ் மீது போகும்படி அவருக்கு உத்தரவு வந்தது. பிற்கால எழுத்தாளர் புளூடார்க் கணக்குப்படி, ஒப்பந்தம் முடிந்த இருபதாம் நாளே லூக்ட்ராவில் போர்.

கேள்வி: தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ் படையை 50 வரிசை ஆழத்துக்கு நிறுத்தியதுதான் வெற்றியின் ரகசியம் என்கிறார்களே, சரியா அண்ணா?

பதில்: பாதிதான் சரி. ஆழமான அணி தீப்ஸுக்குப் புதிதல்ல. கி.மு. 424இல் டீலியம் போரிலேயே 25 வரிசை நிறுத்தியிருக்கிறார்கள். ஆழம் கூடினால் முகப்பு குறுகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயிரம் பேரை 12 ஆழத்தில் நிறுத்தினால் முன்வரிசையில் 83 பேர்; 50 ஆழத்தில் நிறுத்தினால் 20 பேர்தான். நீண்ட முகப்புள்ளவன் பக்கவாட்டில் சுற்றி வளைத்துவிடலாம். ஸ்பார்ட்டா அன்று செய்யப் பார்த்ததும் அதையே.

ஆழத்தைவிட முக்கியம், அதை எங்கே வைத்தார் என்பது. கிரேக்கப் போரில் வலது அணிதான் கௌரவமான இடம். இரு தரப்பும் தேர்ந்த வீரர்களை வலப்பக்கம் நிறுத்துவதால், ஒவ்வொருவரும் எதிரியின் பலவீனமான இடது அணியை அடித்துவிட்டுப் போவார்கள். எபமினோண்டாஸ் தன் முழு பலத்தையும் இடப்பக்கம் குவித்து, மன்னரும் ஸ்பார்ட்டர்களும் நிற்கும் இடத்துக்கு நேராக ஏவினார். பலம் குறைந்த வலது அணியைப் பின்தள்ளிச் சாய்வாக வைத்தார். அதனால் எதிரே நின்ற நேசநாட்டுப் படைகள் பெரிதாகச் சண்டையிடவே இல்லை. சுமார் 6,000 ஹாப்லைட்டுகள் (கேடயமும் ஈட்டியும் ஏந்திய காலாட்படையினர்) 10,000 பேரை எதிர்கொள்ள முடிந்தது இப்படித்தான்.

கேள்வி: அப்படியானால் ஸ்பார்ட்டா ஏன் சுற்றி வளைக்கவில்லை?

பதில்: தொடங்கினார்கள், முடிக்கவில்லை. முதலில் குதிரைப்படை சொதப்பியது. ஸ்பார்ட்டாவில் குதிரை வளர்ப்பவர் பணக்காரர். ஆனால் போருக்கு அழைப்பு வந்த பிறகுதான் ஓட்டுபவரைத் தேடுவார்கள். உடல்வலுவோ புகழாசையோ இல்லாதவர்தான் அதில் ஏறுவார் என்று அக்கால வரலாற்றாசிரியர் செனஃபோனே எழுதுகிறார். அவர் ஸ்பார்ட்டாவின் நண்பர் என்பதால் இந்தக் குறையை நம்பலாம். தீப்ஸின் பயிற்சிபெற்ற குதிரைவீரர்கள் அவர்களைத் துரத்த, அவர்கள் ஓடிவந்து தங்கள் காலாட்படை மீதே மோதினார்கள்.

கிளியோம்ப்ரோட்டஸ் தன் வலது அணியை நீட்டி வளைக்க முயன்றுகொண்டிருந்த அந்த நேரத்தில், தீப்ஸ் தளபதி பெலோபிடாஸ் 300 தேர்ந்த வீரர்கள் கொண்ட புனிதப் படையுடன் ஓடிவந்து தாக்கினார். அணி மாறிக்கொண்டிருக்கும் ஃபாலங்க்ஸைவிட (நெருக்கமாக நிற்கும் காலாட்படை அணி) எளிய இலக்கு கிடையாது. கேடயத்தின் இடப்பாதி பக்கத்தில் நிற்பவனைக் காப்பதற்கு. இடைவெளி விழுந்தால் அந்தக் காப்பு போய்விடும். போதாக்குறைக்கு, அன்று மதியம் ஸ்பார்ட்டர்கள் கொஞ்சம் மது அருந்தியிருந்தார்கள் என்பதும் செனஃபோன் தரும் தகவல்.

கேள்வி: இறந்தவர்கள் எத்தனை பேர்?

பதில்: லகோனியப் படையில் (லகோனியா ஸ்பார்ட்டாவின் சொந்தப் பகுதி) சுமார் 1,000 பேர். களத்திலிருந்த முழுக் குடிமக்களான ஸ்பார்ட்டர்கள் ஏறக்குறைய 700 பேர். அவர்களில் 400 பேரும் மன்னரும் மாண்டனர். தீப்ஸ் பக்கம், பிற்கால எழுத்தாளர்களில் டியோடோரஸ் 300 என்கிறார், பௌசானியாஸ் 47 என்கிறார். 47 எனக்குச் சற்றுக் குறைவாகத் தெரிகிறது.

கேள்வி: 400 பேர் ஒரு பேரரசைச் சாய்க்கப் போதுமா?

பதில்: ஸ்பார்ட்டாவுக்குப் போதும். கி.மு. 480இல் சுமார் 8,000 குடிமக்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். நூறு ஆண்டில் அது மிகவும் சுருங்கிவிட்டது. காரணம் போர்ச்சாவு மட்டுமல்ல. குடியுரிமை வேண்டுமானால் பொது உணவுக்கூடத்துக்கு மாதாமாதம் பார்லி, மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என அளவு தவறாமல் கொடுக்க வேண்டும். நிலம் சிலர் கையில் சேர்ந்தபோது மற்றவர்களால் கொடுக்க முடியவில்லை, உரிமை பறிபோனது. ஒரே அடியைத் தாங்க முடியாமல் ஆள்பற்றாக்குறையால் அழிந்தது என்று அரிஸ்டாட்டில் பிற்பாடு எழுதியது இதைத்தான்.

கேள்வி: தப்பித்து வந்தவர்களை என்ன செய்தார்கள்? கோழைகளுக்குத் தண்டனை கடுமை என்று கேள்வி.

பதில்: கடுமைதான். பதவி கிடையாது, பெண் கொடுக்க மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், தாடியைப் பாதி மழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இம்முறை அவர்கள் எண்ணிக்கை அதிகம். தண்டித்தால் கலகம் வரும், படையும் இருக்காது. “இன்று ஒரு நாள் சட்டம் தூங்கட்டும்” என்று அகெசிலாஸ் வழி கண்டார். செய்தி வந்தது ஜிம்னோபீடியா விழாவின் கடைசி நாளில். எபோர்கள் என்ற ஆட்சி அதிகாரிகள் ஆடலை நிறுத்தவில்லை. மறுநாள் இறந்தவர்களின் உறவினர் மலர்ந்த முகத்தோடு வெளியே நடமாடினார்கள். உயிர்தப்பியவர்களின் வீட்டார்தான் தலைகுனிந்திருந்தார்கள்.

கேள்வி: தோற்ற பிறகும் ஸ்பார்ட்டா மீண்டிருக்கலாமே?

பதில்: களத்தோல்வியிலிருந்து மீண்டிருக்கலாம். ஸ்பார்ட்டா ஆண்டுவந்த மெசேனியா பகுதி போனதிலிருந்துதான் மீள முடியவில்லை. கி.மு. 370–369 குளிர்காலத்தில் எபமினோண்டாஸ் லகோனியாவுக்குள் நுழைந்தார். ஸ்பார்ட்டா நகரைப் பிடிக்கவில்லை. மெசேனியாவுக்குப் போய், ஸ்பார்ட்டர்களின் நிலத்தில் அடிமைகளாய் உழைத்த ஹெலட்டுகளை விடுவித்து, இதோமே மலையடிவாரத்தில் மெசேனே நகரை நிறுவினார். உணவுக்கூடத்துக்குப் பங்கு தந்த நிலங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. வடக்கு அண்டை மக்களான ஆர்க்கேடியர்களின் மெகலோபோலிஸ் நகரமும் எழுந்தபோது, ஸ்பார்ட்டா வடக்கே வரும் வழியும் அடைபட்டது. ஊர் திரும்பிய எபமினோண்டாஸுக்குக் கிடைத்தது வழக்கு: பதவிக்காலம் முடிந்தும் படையை வைத்திருந்தாராம்! விடுதலையானார்.

கேள்வி: தீப்ஸின் ஆதிக்கம் எத்தனை நாள் நீடித்தது?

பதில்: ஒன்பது ஆண்டு. பெலோபிடாஸ் கி.மு. 364இல் தெசலியில் விழுந்தார். எபமினோண்டாஸ் 362இல் மாண்டினியாவில், வெல்லும் தறுவாயில் இறந்தார். ஏதென்ஸ் அதற்குள் ஸ்பார்ட்டாவோடு சேர்ந்துவிட்டது. லூக்ட்ரா வெற்றிச் செய்தியோடு வந்த தீப்ஸ் தூதரை விருந்துக்குக்கூட அழைக்காத ஊர் அது. இடையில் தீப்ஸில் பணயக்கைதியாக இருந்த மாசிடோனிய இளவரசர் இரண்டாம் பிலிப், 338இல் கைரோனேயாவில் தீப்ஸையும் ஏதென்ஸையும் ஒருசேர முறியடித்தார்.