ஊர்வன பற்றிச் சமீபத்தில் வந்த அறிவியல் கண்டுபிடிப்புகளில் எதை முக்கியமானதாக நினைக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் வாசுகியைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். குஜராத்தில் கட்ச் பகுதியின் பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புகளை வைத்து, ரூர்க்கி ஐஐடியின் தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் 2024 ஏப்ரலில் அறிவித்த பாம்பு அது. வயது சுமார் 4.7 கோடி ஆண்டு. நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எலும்புகள் 2005லேயே கையில் இருந்தன, முதலையுடையது என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். பெயர் வாசுகி என்றதும் பாற்கடல் கடையும் படத்தோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது வலம் வந்தது.

ஆனால் நான் குடியாத்தம் பக்கம். கொல்லை, அதாவது விவசாய நிலம், வைத்திருக்கிற குடும்பம். எனக்கு முக்கியமாகப் படுவது, எங்கள் குழுவில் யாருமே ஃபார்வர்டு செய்யாத 2025 ஏப்ரல் ஆய்வு ஒன்று. கண்ணாடி விரியனின் விஷம் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்பது பற்றியது.

அதற்கு முன்னால் பழைய காலத்து ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். "நம்ம மலையில டைனோசர் எலும்பு கிடைக்குமா மாமா?" என்று அக்கா பையன் அடிக்கடி கேட்பான். கிடைக்காதுடா. வேலூரைச் சுற்றி நிற்கிற பாறைகளில் பெரும்பாலானவை 200 கோடி ஆண்டுக்கு மேல் பழையவை, பூமிக்கு அடியில் வெந்து இறுகியவை. ஊர்வனவோ நேற்று வந்தவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு கற்பலகையில் நகம் பதிந்த காலடித் தடங்கள் இருப்பதை 2025 மே மாதம் அறிவித்தார்கள். ஊர்வனவின் ஆதி உறவுகளுக்கு இதுவரை கிடைத்த சான்றுகளில் இதுதான் மிகப் பழையது. அதன் வயதே சுமார் 35 கோடி ஆண்டுதான். அதுவே அதுவரை நினைத்திருந்ததைவிட 3.5 கோடி ஆண்டாவது முந்தியது. கல்லைக் கண்டெடுத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, பொழுதுபோக்குக்குப் புதைபடிவம் தேடுகிற இரண்டு பேர்.

டைனோசர் வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸை 1987ல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் விவரித்தார்கள். எடையில் நீலத் திமிங்கலத்தோடு போட்டி போட்டிருக்கும் என்று 2023ல்கூட ஒரு மதிப்பீடு வந்தது. என்ன பயன், எலும்புகள் உதிர்ந்து மண்ணாகிவிட்டன. மிச்சம் இருப்பது படங்கள்தான். நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

சரி, விரியனுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் எலி இருக்கும், எலி இருந்தால் விரியன் இருக்கும். ராத்திரி மூணு பேஸ் கரண்ட் விடுகிற நேரத்தில் மோட்டார் போடப் போகிறவன் காலில்தான் அது மாட்டும். மிதிப்பதற்கு முன்னால் குக்கர் ஆவி விடுவது போலச் சீறும், ஆனால் மோட்டார் சத்தத்தில் அது காதில் விழாது. கடித்தால் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையையே கெடுத்துவிடுகிறது. ஈறில் ரத்தம் கசியும், சிறுநீரகம் நின்றுபோகும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

மாற்று மருந்து எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் இந்த ஆய்வின் அருமை புரியும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். நாடு முழுக்க இதே மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அதாவது வட தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து, ராஜஸ்தானில் கடிபட்டவருக்கும் வங்காளத்தில் கடிபட்டவருக்கும் போகிறது. விஷம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றாக இல்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனாகர் குழு 34 இடங்களிலிருந்து 115 கண்ணாடி விரியன்களின் விஷத்தை எடுத்து, அதிலுள்ள நச்சுகள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று அளந்தது. பிறகு அந்தந்த இடத்தின் வெப்பம், மழை பற்றிய பழைய பதிவுகளோடு ஒப்பிட்டது. விஷம் இடத்துக்கு இடம் மாறுவதில் ஒரு பகுதியைத் தட்பவெப்பத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. குறிப்பாக, புரதத்தைச் சிதைக்கிற நொதிகளின் வேகம் வறண்ட பகுதிப் பாம்புகளில் கூடுதலாக இருக்கிறது. இதை வைத்து, எந்தப் பகுதியில் எந்த மாதிரி விஷம் இருக்கலாம் என்று இந்தியாவுக்கே வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இந்த வருடம் அக்னி நட்சத்திரம் கடுமை, அதனால் பாம்புக்கு விஷம் ஏறிப்போச்சு என்று கிளப்பிவிட வேண்டாம். இது ஓர் இடத்தின் நீண்ட காலத் தட்பவெப்பம் பற்றிய விஷயம். வெயில் நேரடியாக விஷத்தை மாற்றுகிறதா, அல்லது அங்கே கிடைக்கிற இரை வழியாக மாற்றுகிறதா என்பது வேறு கேள்வி. தட்பவெப்பம் மட்டுமே காரணம் என்றும் அவர்கள் சொல்லவில்லை. எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு. மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பாம்பு பிடிக்காமலே, டாக்டருக்கும் மருந்து செய்கிறவருக்கும் ஒரு முன்னறிவிப்பு கொடுக்க முடிகிறது. தண்ணீர் இல்லாத பாலாற்றங்கரையில் இருக்கிற எங்களுக்கு, வறண்ட பகுதி என்ற வார்த்தையைப் பார்த்தாலே காது நிமிரும் இல்லையா.

இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று 2020ல் வந்த கணக்கு சொல்கிறது. 2000 முதல் 2019 வரை மொத்தம் சுமார் 12 லட்சம் பேர். இவ்வளவு பேர் செத்தும், பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது 2024 நவம்பரில்தான். இன்னும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் முதலில் பாடம் போடுகிறவர் வீட்டுக்குத்தான் கூட்டிப் போகச் சொல்வார்கள். சண்டை போட்டாவது 108ஐக் கூப்பிடுங்கள். கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், காலை அசைக்காமல் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

புது மருந்து வராதா என்று கேட்பீர்கள். 2025 மே மாதம் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் டிம் ஃப்ரீடே என்பவர் ஏறத்தாழ 18 வருடமாகத் தானே பாம்பு விஷத்தை ஏற்றிக்கொண்டு, கடியும் வாங்கிக்கொண்டவர். (வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) அவர் ரத்தத்திலிருந்து எடுத்த இரண்டு எதிர்ப்புப் பொருள்களோடு வாரெஸ்ப்லாடிப் என்ற மருந்தையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். 19 வகைப் பாம்புகளில் 13 வகையின் விஷத்திலிருந்து எலிகள் முழுதாகத் தப்பின, மற்ற 6 வகைக்கு ஓரளவு பாதுகாப்பு. ஆனால் அந்த 19ம் நாகம், கட்டுவிரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணாடி விரியன் வேறு குடும்பம். அடுத்து அந்தப் பக்கம் போகப் போவதாக அந்தக் குழு சொல்லியிருக்கிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். எங்கள் கொல்லையில் ராத்திரி டார்ச் அடித்துத் தேடுவது விரியனைத்தான்.